மொகலே ஆஸம்: ஒரு படமும் பதினாறு ஆண்டுகளும்

‘மொகலே ஆஸம்’ படத்தை அதன் 1960ஆம் ஆண்டு வடிவில் முதன்முறை பார்ப்பவர்கள் ஓரிடத்தில் திகைத்துப் போவார்கள். அதுவரை கறுப்பு வெள்ளையில் ஓடிய படம், அக்பரின் அவையில் அனார்கலி ஆடத் தொடங்கும்போது வண்ணத்துக்கு மாறுகிறது. பிறகு கறுப்பு வெள்ளைக்கே திரும்புகிறது. இறுதிக் கட்டத்தில் மறுபடியும் வண்ணம். காதல் வெளிப்படும் கணத்தில் உலகமே நிறம் கொள்கிறது என்று இதற்கு அழகான விளக்கம் சொல்வோர் உண்டு. நடந்தது வேறு. படப்பிடிப்பு தொடங்கியபோது இந்திப் பட உலகில் கறுப்பு வெள்ளையே நடைமுறை. படம் முடிவதற்குள் வண்ணம் வந்துவிட்டது.

இந்தப் படத்தின் புகழ்பெற்ற அம்சங்கள் பலவற்றுக்கும் பின்னால் இப்படியொரு இடையூறு இருக்கிறது. 1944 வாக்கில் திட்டமிடப்பட்டு 1960 ஆகஸ்ட் 5 அன்று திரைக்கு வந்த படம் இது. இந்தப் பதினாறு ஆண்டுகளை, இயக்குநர் கே. ஆசிஃபின் பிடிவாதத்துக்குச் சான்றாக மட்டும் சொல்லிச் சொல்லி ஒரு புராணம் உருவாகியிருக்கிறது. பிடிவாதம் இருந்தது உண்மை. ஆனால் நாடு பிரிந்தது, முதலாளி ஊரைவிட்டுப் போனது, நடிகர் இறந்தது, தொழில்நுட்பம் மாறியது, மொழி தடுத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அந்தக் காலத்துத் தாமதத்தில் பெரும்பங்கு ஒரு தனி மனிதரின் கையில் இல்லை என்பது தெரியவரும்.

பிரிவினை தின்ற முதல் வடிவம்

அக்பரின் மகன் சலீமுக்கும் அவை நடனமங்கை அனார்கலிக்கும் இடையிலான காதல் கதையை மக்கள் மனத்தில் நிறுத்தியது, இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் எழுதிய உருது நாடகம். பேசாப்படக் காலத்திலேயே அது திரையேறியது. உத்தரப் பிரதேசத்தின் இட்டாவாவில் பிறந்த இளைஞர் ஆசிஃப் இந்தக் கதையைப் படமாக்கத் தொடங்கியபோது, அவருக்கு இயக்குநராக இருந்த அனுபவம் ‘பூல்’ (1945) என்ற ஒரே படம்தான். தயாரிப்பாளர் ஷிராஸ் அலி ஹக்கீம் பணம் போட்டார். அக்பராகச் சந்திரமோகன், சலீமாக சப்ரூ, அனார்கலியாக நர்கிஸ் என்று நடிகர்கள் முடிவாயினர். 1946இல் பம்பாய் டாக்கீஸ் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு தொடங்கியது.

அடுத்த ஆண்டே நாடு இரண்டானது. ஹக்கீம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். பணம் போட்டவர் இல்லாமல் படம் நின்றது. 1949இல் சந்திரமோகனும் காலமானார். எடுத்தவரை எடுத்த காட்சிகள் பயனற்றுப் போயின. இந்து முஸ்லிம் ஒற்றுமையின் அடையாளமாக அக்பரை நிறுத்த நினைத்த ஒரு படத்தின் முதல் வடிவத்தைப் பிரிவினையே அழித்தது என்பதை அதன் வரலாற்றை எழுதுபவர் யாரும் கடந்துபோக முடியாது.

பிரிவினை ஒருவரை அனுப்பியது. இன்னொருவரைத் திருப்பித் தந்தது. கசூரில் பிறந்து, பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பி, 1957இல் இந்தியக் குடியுரிமை பெற்றவர் உஸ்தாத் படே குலாம் அலி கான். படத்தில் அக்பரின் அவைப் பாடகர் தான்சேனின் குரலாக ஒலிப்பது அவர் குரல்தான். சினிமாவுக்குப் பாட அவருக்கு மனமில்லை. ஆசிஃபை விலக்கிவிடுவதற்காகவே பாட்டுக்கு 25,000 ரூபாய் கேட்டார் என்றும், ஆசிஃப் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார் என்றும் இசையமைப்பாளர் நௌஷாத் சொல்லியிருக்கிறார். முன்னணிப் பின்னணிப் பாடகர்களுக்கே ஒரு பாட்டுக்குச் சில நூறு ரூபாய் கிடைத்த காலம் அது.

கட்டடக்காரரின் பணம்

நின்றுபோன படத்தை மீட்டவர் ஷாபூர்ஜி பலோன்ஜி மிஸ்திரி. பம்பாய் சென்ட்ரல் ரயில் நிலையத்தையும் பிரபோர்ன் மைதானத்தையும் கட்டிய பார்சி நிறுவனத்தின் தலைவர். சினிமாத் தொழிலில் பழக்கமில்லாதவர். அக்பர் என்ற மாமன்னர் மீதும் நாடக மேடையில் பிருத்விராஜ் கபூர் மீதும் மதிப்பு வைத்திருந்தவர். 1950களின் தொடக்கத்தில் புதிய நடிகர்களோடு வேலை மறுபடி ஆரம்பமானது. அக்பராகப் பிருத்விராஜ் கபூர், சலீமாக திலீப் குமார், அனார்கலியாக மதுபாலா, ஜோதாபாயாக துர்கா கோட்டே. முதல் முறை சலீம் வேடத்துக்குப் பொருந்த மாட்டார் என்று ஆசிஃப் ஒதுக்கிய அதே திலீப் குமார், இப்போது நாயகன் ஆனார்.

இந்த இடத்தில் அன்றைய தொழில் நிலையையும் பார்க்க வேண்டும். நடிகர்களை மாதச் சம்பளத்தில் வைத்திருந்த பழைய ஸ்டுடியோ முறை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிதைந்துவிட்டது. நட்சத்திரங்கள் ஒரே நேரத்தில் பல படங்களில் நடித்தார்கள். பெரிய நடிகர்கள் எல்லோருடைய கால்ஷீட்டும் ஒரே நாளில் பொருந்தி வருவதே பெரும்பாடு. வழக்கமாக ஒரு படத்துக்கு 60 முதல் 125 நாள் படப்பிடிப்பு போதும் என்றிருந்தபோது, இந்தப் படம் சுமார் 500 நாட்களை எடுத்துக்கொண்டது.

அதற்கிடையில் போட்டியும் முளைத்தது. 1953இல் ஃபிலிமிஸ்தான் நிறுவனம் பீனா ராயை வைத்து ‘அனார்கலி’யை எடுத்து வெளியிட்டுப் பெரும் வெற்றி கண்டது. அதே கதையை ஏழு ஆண்டுகள் கழித்துக் கொடுக்கப்போகும் ஆசிஃபுக்கு இனி ஒரே வழிதான் இருந்தது. ஏற்கெனவே பார்த்த கதையை, இதுவரை பார்க்காத அளவில் காட்ட வேண்டும்.

கைவினைஞர்களின் பேரரசு

அந்த அளவு எப்படி வந்தது? உடைகளைத் தைக்க டெல்லியிலிருந்து தையற்கலைஞர்கள் வந்தார்கள். பூவேலைக்கு சூரத், காம்பாத் வல்லுநர்கள். நகைகள் ஹைதராபாத் பொற்கொல்லர்களுடையவை. கிரீடங்களைச் செய்தவர்கள் கோலாப்பூர்க்காரர்கள். வாள், ஈட்டி, கவசங்களை ராஜஸ்தான் கொல்லர்கள் அடித்துக் கொடுத்தார்கள். காலணிகள் ஆக்ராவிலிருந்து வந்தன. திரையில் நாம் காணும் முகலாயப் பேரரசு, உண்மையில் 1950களின் இந்தியக் கைத்தொழிலின் காட்சிக்கூடம். மன்னர்களின் ஆதரவு போனபின் ஒடுங்கிக் கிடந்த பல தொழில்களுக்கு ஒரு சினிமா கம்பெனி சில ஆண்டுகள் வேலை கொடுத்தது.

இந்தச் செய்நேர்த்திக்கு நடிகர்களின் உடலும் விலை கொடுத்தது. போர்க்காட்சிகளில் பிருத்விராஜ் அணிந்தது கனமான உலோகக் கவசம். சலீம் பிறக்க வேண்டிச் சூஃபி ஞானியின் தர்காவுக்கு அக்பர் வெறுங்காலோடு நடந்துபோகும் காட்சியை ராஜஸ்தானின் கொதிக்கும் மணலில் எடுத்தார்கள். காமிராவுக்குப் பின்னால் ஆசிஃபும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார் என்பார்கள். போர்க்களக் காட்சிக்கு 2,000 ஒட்டகங்கள், 400 குதிரைகள், 8,000 வீரர்கள் திரட்டப்பட்டதாகத் தயாரிப்புக் குறிப்புகள் கூறுகின்றன. வீரர்களில் பலர் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதியுடன் வந்த ராணுவத்தினர்.

அதிகம் துன்பப்பட்டவர் மதுபாலா. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ளவர் அவர். சிறைக்காட்சிகளில் அவர் உடலில் பூட்டியவை அசல் இரும்புச் சங்கிலிகள். அந்தச் சுமையோடு மணிக்கணக்கில் நின்றார். படம் வெளியாகி ஒன்பதே ஆண்டுகளில், 1969 பிப்ரவரியில், 36 வயதில் இறந்தார். படத்தைப் போற்றி எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும். நோயுற்ற ஒரு நடிகையின் மேல் அசல் இரும்பை ஏற்ற வேண்டிய தேவை கலைக்கு இல்லை.

திலீப் குமாருக்கும் மதுபாலாவுக்கும் இருந்த காதல் படப்பிடிப்பின் நடுவிலேயே முறிந்தது. ‘நயா தௌர்’ படம் தொடர்பான வழக்கு நீதிமன்றம் வரை போய், இருவரும் எதிரெதிர் பக்கம் நின்றார்கள். இந்தப் படத்தின் உச்சமாகச் சொல்லப்படுவது, படே குலாம் அலி கானின் குரல் பின்னணியில் ஒலிக்க, சலீம் ஒரு வெள்ளை இறகால் அனார்கலியின் முகத்தை வருடும் காட்சி. அதைப் படமாக்கியபோது தாங்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதைக்கூட நிறுத்தியிருந்ததாகத் திலீப் குமார் தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். காட்சியில் வசனம் இல்லை. முகங்கள் மிக அருகில் இருக்கின்றன. அந்த நெருக்கம் முழுவதும் நடிப்பு.

மெழுகும் துணியும்

கண்ணாடி மாளிகைதான் இந்தப் படத்தின் மிகக் கடினமான சோதனை. லாகூர்க் கோட்டையில் உள்ள ஷீஷ் மஹாலை மாதிரியாகக் கொண்டு, கலை இயக்குநர் எம்.கே. சையத் அந்தேரியில் இருந்த மோகன் ஸ்டுடியோவில் செட் போட்டார். நீளம் 150 அடி, அகலம் 80 அடி, உயரம் 35 அடி. உள்ளூரில் தேவையான தரத்தில் வண்ணக் கண்ணாடி கிடைக்கவில்லை, பெல்ஜியத்திலிருந்து தருவித்தார்கள். ஃபிரோசாபாத் கைவினைஞர்கள் துண்டு துண்டாக அதைப் பதித்தார்கள். கட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. செலவு 15 லட்சத்தைத் தாண்டியது. அன்று ஒரு முழு இந்திப் படத்தையே சுமார் 10 லட்சத்தில் எடுத்துவிடலாம்.

செட் தயாரான பிறகுதான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. விளக்கைப் போட்டவுடன் ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் அந்த ஒளியைக் காமிராவின் கண்ணுக்குள்ளேயே திருப்பி அடித்தது. விளக்குகளும் காமிராவும் தொழிலாளர்களும் ஆயிரம் துண்டுகளில் தெரிந்தார்கள். அதிலும் இந்தப் பாடல் வண்ணத்தில் எடுக்கப்படுவது. வண்ணச் சுருளுக்குக் கறுப்பு வெள்ளையைவிட மிக அதிக ஒளி தேவை. ஒளி கூடக்கூடக் கூச்சமும் கூடும். இப்படியொரு செட்டைப் படமெடுக்க இயலாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கைவிரித்தார்கள்.

ஆசிஃபும் ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூரும் லைட்மேன்களோடு செட்டுக்குள்ளேயே முடங்கிப் பலவற்றைச் செய்து பார்த்தார்கள். கடைசியில் இரண்டு எளிய வழிகள் கைகொடுத்தன. கண்ணாடிகளின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து, அவற்றின் கூர்மையான பிரதிபலிப்பை மங்கச் செய்தார்கள். பிறகு விளக்கை நேராக அடிக்காமல், கணக்காகத் தொங்கவிட்ட துணிப்பட்டைகளில் பட்டுத் தெறித்து வரும்படி ஒளியை அமைத்தார் மாத்தூர். அவ்வளவு பெரிய செட்டை ஒளியூட்ட லாரிகளின் முகப்பு விளக்குகளையும் நூற்றுக்கணக்கில் பயன்படுத்தினார்கள். ஒரு ஷாட்டுக்கு ஒளியமைக்க எட்டு மணி நேரம் வரை ஆனதுண்டு.

அனார்கலியின் உருவம் கூரை முழுவதும் நூறு நூறாகச் சிதறி ஆடுகிறது. அக்பர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்தான் தெரிகிறாள். பேரரசனால் தன் அரண்மனையிலேயே அவளிடமிருந்து கண்ணை விலக்க முடியவில்லை என்பதை வசனமின்றிச் சொல்லும் காட்சி அது. மெழுகும் துணியும் இல்லாமல் அது இல்லை. மாத்தூருக்கு அந்த ஆண்டு ஒளிப்பதிவுக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. ஆட்டத்தில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. லச்சு மகராஜ் அமைத்த கடினமான கதக் சுழற்சிகள் சிலவற்றை, மதுபாலாவின் முகச்சாயலில் செய்த முகமூடி அணிந்து ஓர் ஆண் நடனக் கலைஞர் ஆடினார்.

ஒலியிலும் இதே கதை. கூரையில் பட்டு எதிரொலிக்கும் குரலை உண்டாக்கும் கருவிகள் அன்று பம்பாய் ஒலிப்பதிவுக் கூடங்களில் இல்லை. லதா மங்கேஷ்கரின் குரலுக்கு அந்த முழக்கத்தைக் கொண்டுவர, குளியலறையின் எதிரொலியைப் பயன்படுத்தியதாக நௌஷாத் சொல்லியிருக்கிறார். முகமது ரஃபியின் புரட்சிப் பாடலுக்கு நூறு பேர் கொண்ட கோரஸ் பாடியது. பதிவு செய்த பாடல்கள் சுமார் இருபது. படத்தின் நீளம் கருதிப் பல வெட்டப்பட்டன.

வண்ணமும் விநியோகஸ்தர்களும்

கண்ணாடி மாளிகைப் பாடலின் வண்ண ரீலைப் பார்த்தபின் ஆசிஃபுக்கு ஆசை பெருகியது. இறுதிக் கட்டத்தின் மூன்று ரீல்களையும் டெக்னிகலரில் எடுத்தார். அதோடு நிற்காமல், முழுப் படத்தையும் வண்ணத்தில் மறுபடி எடுக்க வேண்டும் என்று கிளம்பினார். பல ஆண்டுகளாகக் காத்திருந்த விநியோகஸ்தர்கள் இதற்கு இணங்கவில்லை. பாதி அப்படியும் பாதி இப்படியுமாகவே படம் வெளிவந்தது.

விநியோகஸ்தர்கள் செய்தது சரி. ஆசிஃப் விரும்பியபடி நடந்திருந்தால் படம் முடிந்திருக்குமா என்பதே ஐயம். அவருடைய அடுத்த முயற்சியான ‘லவ் அண்ட் காட்’ இதற்குச் சான்று. அதன் நாயகன் குரு தத் 1964இல் இறந்தார். சஞ்சீவ் குமாரை வைத்து மறுபடி தொடங்கினார் ஆசிஃப். 1971இல் ஆசிஃபே இறந்தார். அரைகுறையாகக் கிடந்த அந்தப் படம் 1986இல்தான் வெளியானது. ‘மொகலே ஆஸம்’ நமக்குக் கிடைத்திருப்பதற்கு, போதும் என்று சொன்ன வியாபாரிகளும் ஒரு காரணம்.

தமிழில் ‘அக்பர்’

இந்தப் படம் தமிழிலும் எடுக்கப்பட்டது என்பது இன்று பலருக்குத் தெரியாது. உருது கலந்த இந்தி, தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்காக ஒவ்வொரு காட்சியையும் மூன்று முறை எடுத்தார்கள். 500 நாள் கணக்குக்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆசிஃபின் எண்ணத்தில் தவறில்லை. 1948இல் எஸ்.எஸ். வாசன் ‘சந்திரலேகா’வைத் தமிழில் வெளியிட்டு, அதே ஆண்டில் இந்திக்கும் கொண்டுபோய் வடக்கை வென்று காட்டியிருந்தார். அதே பாதையில் வடக்கிலிருந்து தெற்கே வரப் பார்த்தது ஆசிஃபின் படம்.

தமிழ் வடிவம் ‘அக்பர்’ என்ற பெயரில் 1961இல் வந்தது. நௌஷாத்தின் மெட்டுகளுக்குத் தமிழ் வரிகளைக் கவிஞர் கம்பதாசன் எழுதினார். ‘உடன் கடோலா’வின் தமிழ் வடிவமான ‘வானரதம்’ படத்துக்கும் எழுதியவர் அவர். ஆனால் ‘அக்பர்’ ஓடவில்லை. கதை தமிழருக்குப் புதிதன்று; 1954லேயே ‘இல்லற ஜோதி’யில் சிவாஜி கணேசன் சலீமாக நின்று முழங்கியதைத் தமிழ் ரசிகர்கள் பார்த்திருந்தார்கள். மூல வடிவத்தின் உயிர் அதன் உருது வசனத்தில் இருந்தது. அமான், கமால் அம்ரோஹி, வஜாஹத் மிர்சா, எஹ்சான் ரிஸ்வி என்ற நால்வர் செதுக்கிய அந்த வசனத்தின் மிடுக்கை வேறொரு மொழியின் வாயசைப்பில் ஏற்றுவது எளிதன்று. தமிழில் கிடைத்த தோல்வியால் ஆங்கில வடிவம் கைவிடப்பட்டது. அதற்கென்று செலவழித்த நாட்களும் பிலிமும் வீணாயின.

எஞ்சியதும் எஞ்சாததும்

படம் வெளியானபோது, பம்பாயின் மராத்தா மந்திர் தியேட்டருக்குப் படச்சுருள் பெட்டி யானை மேல் வந்தது. டிக்கெட் வாங்க மக்கள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். அங்கே படம் மூன்று ஆண்டுகள் ஓடியது. சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய்ச் செலவை மீட்டதோடு, 1975இல் ‘ஷோலே’ வரும்வரை வசூலில் முதலிடத்தில் நின்றது.

அந்த வெற்றியே மூல நெகட்டிவுக்குக் கேடாயிற்று. நூற்றுக்கணக்கான பிரதிகள் எடுத்து எடுத்து அது தேய்ந்தது, பூஞ்சை பிடித்தது, பல ஃபிரேம்கள் சேதமாயின. 2004இல் முழுப் படத்தையும் டிஜிட்டல் முறையில் வண்ணமாக்கி வெளியிட ஷாபூர்ஜி குடும்பத்தின் நிறுவனம் முனைந்தபோது, முதலில் அந்த நெகட்டிவைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. சுமார் மூன்று லட்சம் ஃபிரேம்களைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து சீராக்கிய வேலை சென்னையில் உள்ள ஓர் ஆய்வகத்தில் நடந்தது. தமிழில் தோற்ற படத்தின் நெகட்டிவ் தமிழ்நாட்டில் பிழைத்தது. வண்ணமாக்கிய வடிவம் 2006இல் பாகிஸ்தானிலும் திரையிடப்பட்டது. லாகூர்க்காரர்கள் அதைத் தியேட்டரில் பார்த்தார்கள்.

படம் பிழைத்துவிட்டது. அது உருவான விதத்துக்கான சான்றுகளின் நிலை அப்படி இல்லை. ஒட்டகம் எத்தனை, கண்ணாடி எவ்வளவு, யார் யாருக்கு எவ்வளவு கூலி என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் பேட்டிகளும் நினைவுக் குறிப்புகளுமே விடை தருகின்றன. ஆசிஃப், திலீப் குமார், மதுபாலா ஆகியோரைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. மெழுகு பூசியவர்களின் பெயர்கள் எழுதப்படவில்லை. இந்தியப் படங்களின் வரலாற்றை நம்பகமாக எழுத வேண்டுமானால் செட் வரைபடங்கள், கால்ஷீட் பதிவேடுகள், கூலிக் கணக்குகள், கடிதங்கள் ஆகியவை பாதுகாக்கப்பட வேண்டும். பழைய தயாரிப்பு நிறுவனங்களின் வாரிசுகள், ஒளிப்பதிவாளர்கள், கலை இயக்குநர்கள், லைட்மேன்கள் குடும்பத்தார் எவரிடமாவது இத்தகைய காகிதங்கள் இருந்தால், எடைக்குப் போடாமல் புணேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ, அருகில் உள்ள ஆய்வு நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.